சேலத்தில் செல் வளர்ப்பு இறைச்சி ஆலை: மாவும் எஃகும் இருந்தால் போதுமா?

ஆத்தூர்_மரவள்ளி
கோழியிலிருந்து எடுத்த செல்லைத் தொட்டியில் பெருக்கி இறைச்சியாக்கும் தொழிலுக்குச் சேலம் மாவட்டம்தான் சரியான இடம் என்பது என் வாதம். செல்லுக்கு முதல் தீனி குளுக்கோஸ். மரவள்ளி மாவை ஆல்ஃபா அமைலேஸ் என்ற நொதியால் இளக்கி, குளுக்கோஅமைலேஸ் என்ற நொதியால் உடைத்தால் குளுக்கோஸ் பாகு கிடைத்துவிடும். துருப்பிடிக்காத எஃகுத் தகடு சேலம் உருக்காலையிலேயே தயாராகிறது. கோழி வியாபாரம் பக்கத்து நாமக்கல்லில். சிங்கப்பூர் 2020 டிசம்பரிலும் அமெரிக்கா 2023 ஜூனிலும் விற்பனைக்கு அனுமதி கொடுத்தாயிற்று. நாம் ஏன் இன்னும் ஜவ்வரிசியோடு நிற்க வேண்டும்?

நொதிகலன்
சார், நீங்கள் சொன்ன மாவு இந்தச் செலவில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. 20,000 லிட்டர் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வளர்ப்புக் கரைசலில் லிட்டருக்கு 4.5 கிராம் குளுக்கோஸ் என்றால் தொட்டிக்கு 90 கிலோ, இரண்டு மூட்டைக்கும் குறைவு. பணம் போவது அமினோ அமிலங்களிலும், அல்புமின் என்ற புரதத்திலும், செல்லைப் பெருகத் தூண்டும் எஃப்.ஜி.எஃப்-2 போன்ற வளர்ச்சிக் காரணிகளிலும்.

அடுத்தது மகசூல். மில்லிலிட்டருக்கு 1 கோடி செல், ஒரு செல் 3 நானோகிராம் என்று வைத்தால் லிட்டருக்கு 30 கிராம். தொட்டி முழுக்க 600 கிலோ ஈரச் செல். 5,000 பிராய்லர் உள்ள ஒரு கொட்டகை ஆறு வாரத்தில் ஏறக்குறைய 10 டன் உயிர் எடை தருகிறது. உறைநிலைக் குப்பியில் உள்ள 1 கோடி செல்லில் தொடங்கி அந்தத் தொட்டியை நிரப்ப 24 முறை இரட்டிக்க வேண்டும். நாளுக்கு ஒரு இரட்டிப்பு என்றால் 24 நாள். இடையில் ஒரே ஒரு பாக்டீரியா புகுந்து 20 நிமிடத்துக்கு ஒருமுறை பெருகினால் ஒரு நாளுக்குள்ளேயே தொட்டி அதன் வசம். செல்சுவரே இல்லாத சின்னஞ்சிறு பாக்டீரியாவான மைக்கோபிளாஸ்மா இன்னும் மோசம், 0.2 மைக்ரான் வடிகட்டியையே தாண்டிவிடும், 0.1 வேண்டும்.

ஏற்காடு_அடிவாரம்
"லிட்டருக்கு 30 கிராம்" என்பது பழைய முறைக் கணக்கு. 2024-ல் நேச்சர் ஃபுட் இதழில் வந்த இஸ்ரேலிய ஆய்வைப் பாருங்கள். சவ்வு வடிகட்டியால் செல்லைத் தொட்டியிலேயே நிறுத்தி, கழிவை மட்டும் தொடர்ந்து வெளியேற்றி, மில்லிலிட்டருக்கு 13 கோடி செல் வரை போயிருக்கிறார்கள். விலங்குப் பொருளே சேராத கரைசல், லிட்டர் 0.63 டாலர்.

நொதிகலன்
நல்ல ஆய்வு, மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் சொல்லும் 50,000 லிட்டர் ஆலை கணக்கில்தான் இருக்கிறது. செல் அடர்த்தியை அளந்தது சிறிய கலனில். அதே 0.63 டாலர் கரைசலைப் பழைய அடர்த்தியில் ஓட்டினால் கிலோவுக்கு 33 லிட்டர், கரைசலுக்கே 21 டாலர். ஆக எல்லாமே அடர்த்தியில்தான் நிற்கிறது.

அந்த அடர்த்தியில் மூச்சு முட்டும். ஒரு செல் மணிக்குக் கால் பிகோமோல் (ஒரு பிகோமோல் என்பது மில்லிமோலில் நூறு கோடியில் ஒரு பங்கு) ஆக்சிஜன் எடுத்தால், 13 கோடி செல்லுக்கு லிட்டருக்கு மணிக்கு 32 மில்லிமோல். காற்று கலந்த நீரில் 37 டிகிரியில் கரைந்திருப்பது 0.2 மில்லிமோல்தான். அரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். நுண்குமிழி விட்டால் ஆக்சிஜன் ஏறும். ஆனால் குமிழி மேலே வெடிக்கும்போது செல் கிழியும். அதற்காக லிட்டருக்கு 1 கிராம் பொலாக்ஸமர் 188 என்ற, செல்லைக் காக்கும் சோப்பு போன்ற பொருளைப் போடுவார்கள், அது நுரையைக் கூட்டும். ஐந்தாறு மீட்டர் உயரத் தொட்டியின் அடியில் நீர் அழுத்தத்தால் கரியமில வாயு தேங்கும். அதை விரட்டப் பெருங்குமிழி வேண்டும், அதற்குத் தனிக் குழாய். குளுட்டமின் என்ற அமினோ அமிலம் 37 டிகிரியில் தானாகவே உடைந்து அம்மோனியா விடும், சில மில்லிமோலிலேயே வளர்ச்சி மந்தமாகும். அதனால்தான் அதற்குப் பதிலாக எளிதில் உடையாத அலனைல்-குளுட்டமின் சேர்ப்பது.

சூரமங்கலம்_வெல்டிங்
எஃகு பத்தி ஒரு வார்த்தை. தகடு பிரச்சனையே இல்லைங்க. 316எல்-னு சொல்ற துருப்பிடிக்காத எஃகு ரகத் தகடு வாங்கிடலாம், பிரச்சனை மூட்டுலதான். பைப் உள்பக்கம் ஆர்கான் ஓடாம வெல்டிங் போட்டா கருப்பா ஆக்சைடு படியும், கிருமிக்கு அதுவே வீடு. மெஷினே பைப்பைச் சுத்தி வந்து போடுற ஆர்பிட்டல் வெல்டிங் வேணும், உள்பரப்பு 0.4 மைக்ரான் வழவழப்பு வேணும். கிளைக் குழாயில விட்டத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல ஓட்டமில்லாத நீளம் இருந்தா கழுவுற தண்ணி அங்க போகாது. 121 டிகிரி ஆவியை அரை மணி நேரம் விட்டாலும், தாழ்வான இடத்துல தண்ணி தேங்கினா அந்த இடம் சூடேறாது. சரிவு வெச்சு, ஆவியை விடாம தண்ணியை மட்டும் வெளியேத்துற ஆவிப்பொறி போட்டு, அங்கயே வெப்பமானி மாட்டணும். பால் ஆலை வேலை தெரிஞ்ச ஆளுங்க இருக்காங்க, ஆனா இது அதைவிட ஒரு படி மேல.

கரண்ட் போனா என்ன செய்வீங்க? அரை நிமிஷத்துல ஆக்சிஜன் தீரும்னு மேல சொல்லியிருக்கீங்க. ஜெனரேட்டர் பிடிக்கிற வரைக்கும் கலக்கியும் காற்றும் நிக்கக் கூடாது. காற்றுக்கு அழுத்தத் தொட்டி, கலக்கிக்கு பேட்டரி. இதையெல்லாம் திட்டச் செலவில யாருமே சேர்க்கிறதில்லை. சித்திரை வெயில்ல வெளிக்காற்றே தொட்டிச் சூட்டைத் தொட்டுடும், சில்லர் இல்லாம முடியாது.

ஆத்தூர்_மரவள்ளி
முழு இறைச்சித் துண்டு என்று நான் சொல்லவே இல்லை. சோயா புரதத்தோடு நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்கு செல் கலந்த பொருளுக்கு இவ்வளவு அடர்த்தி தேவையா? அமினோ அமிலத்துக்குக் கடலைப் பிண்ணாக்கை நொதியால் உடைத்துப் பயன்படுத்தலாமே.

நொதிகலன்
கலப்புப் பொருள் சரியான வழி, அதில் உடன்படுகிறேன். பிண்ணாக்கில்தான் தயக்கம். லோடுக்கு லோடு புரத அளவு மாறும், பூஞ்சை நச்சான அஃப்ளாடாக்சின் இருக்கலாம், நுண்துகள் 0.1 மைக்ரான் வடிகட்டியை அடைக்கும். உணவுத் தர ஆணையத்தின் 2017 விதிகளின்படி இது முன் அனுமதி வாங்க வேண்டிய புது வகை உணவு. கரைசலின் கலவை மாறிக்கொண்டே இருந்தால் எந்தக் கலவைக்கு அனுமதி கேட்பது?

ஏற்காடு_அடிவாரம்
அப்படியென்றால் 20,000 லிட்டர் பேச்சை விட்டு 200 லிட்டர் கலனில் தொடங்குவோம். மூன்று வெவ்வேறு லோடு பிண்ணாக்கு, ஒவ்வொன்றிலும் இரட்டிப்பு நேரம், அம்மோனியா, வடிகட்டி அழுத்தம். மூன்றிலும் இரட்டிப்பு நேரம் ஒன்றுபோல வந்தால் அனுமதி விண்ணப்பம் எழுதலாம். வராவிட்டால் சோயா ஹைட்ரோலைசேட் (உடைத்த சோயா புரதம்) விலையில் கணக்கைத் திரும்பப் போடுவோம்.