விபத்தில் பொலிஸ் கொண்டுபோன ஆட்டோ, பதிவு புக் பழைய ஓனர் பேரில். வெளியே எடுப்பது எப்படி?

தேயிலைக்காடு:

தலவாக்கலைக்கும் நானுஓயாவுக்கும் இடையில ஒரு வளைவுல மச்சானோட ஆட்டோவும் மேல இருந்து வந்த பைக்கும் முட்டிருச்சு. பைக்காரருக்கு கால் எலும்பு முறிஞ்சி ஆஸ்பத்திரியில இருக்கார். ரெண்டு வண்டியும் பொலிஸ்ல. மச்சானை கோர்ட்டுல போட்டு பிணை கிடைச்சிருச்சு, வண்டி மட்டும் உள்ள. இன்னியோட 4 நாள்.

வண்டி பஜாஜ் 4 ஸ்ட்ரோக். முன் போர்க் வளைஞ்சிருக்கு, ஓடாது. புக் கம்பளையில இருக்கிற பழைய ஓனர் பேர்ல. அவர் கையெழுத்து வச்ச எம்.டீ.ஏ. 6 போம் (பேர் மாத்துற விண்ணப்பம்) கையில இருக்கு, ஆனா பேர் மாத்தல. லீசிங் இல்ல. வருமான லைசன்ஸ் இருக்கு. இன்சூரன்ஸ் தேர்ட் பார்ட்டி மட்டும்.

யார் போகணும், என்னென்ன பேப்பர் வேணும்? ஸ்டேஷன் முற்றத்துல மழையில நிக்குது, அதுக்கு ஏதாவது செய்யலாமா? வெளிய எடுத்தா எப்படி ஏத்திட்டு வர்றது?

கோர்ட்வாசல்:

ஸ்டேஷனில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, வண்டி என்ன கணக்கில் நிற்கிறது என்பது. பலர் இதைக் கேட்காமல் ஒரு வாரம் அலைகிறார்கள்.

சாதாரண போக்குவரத்துக் குற்றமென்றால் சாரதி லைசன்ஸை வாங்கிக்கொண்டு தண்டத் தாள் கொடுப்பார்கள். 14 நாளைக்கு அந்தத் தாளே தற்காலிக லைசன்ஸ். அதற்குள் தபால் கந்தோரில் கட்டி, ரசீதைக் காட்டி லைசன்ஸை எடுக்கலாம். 14 தாண்டினால் 28 ஆம் நாள் வரை இரட்டிப்பு, அதற்கு மேல் கோர்ட். இதில் வண்டியை வைத்துக்கொள்ளும் பேச்சு இல்லை. பாதையை மறித்து நிறுத்தியதால் இழுத்துப்போன வண்டி இரண்டாவது வகை. ஏப்ரல் சீசனில் நுவரெலியா டவுனுக்கு வருகிறவர்கள் இதில்தான் மாட்டுவார்கள். பேப்பரைக் காட்டி, தண்டத்தை ஏற்றுக்கொண்டால் அநேகமாக ஸ்டேஷனோடு முடியும்.

உங்களுடையது மூன்றாவது வகை. எலும்பு முறிந்தாலே தண்டனைச் சட்டக்கோவையின் 311 ஆம் பிரிவில் அது கடுங்காயம். கவனயீனமாக ஓட்டிக் கடுங்காயம் விளைவித்ததாக வழக்கு வரும்போது வண்டி ஒரு சான்றுப்பொருள். சான்றுப்பொருள் பதிவேட்டில் ஏறி, அதற்கு ஒரு பி.ஆர். இலக்கம் விழுந்திருக்கும். அதற்குப் பிறகு பொறுப்பதிகாரியிடம் எவ்வளவு கெஞ்சினாலும் அவரால் தனியாகத் தூக்கிக் கொடுக்க முடியாது. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 431 ஆம் பிரிவுப்படி, பொலிஸ் கைப்பற்றிய பொருளை உடனே நீதவானுக்கு அறிக்கையிட வேண்டும். யாரிடம் கொடுப்பது என்று கட்டளையிடுபவர் அவர்தான்.

அதற்கு முன் மோட்டார் வாகனப் பரிசோதகர் வந்து பார்க்க வேண்டும். பிரேக், ஸ்டியரிங், டயர், லைட் எல்லாம் பார்த்து, குறை மோதலுக்கு முன்பே இருந்ததா, மோதியதால் வந்ததா என்று எழுதுவார். மச்சானின் வழக்கு நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் அந்த ஒரு தாளில்தான். அதனால் பரிசோதனை முடியும்வரை போர்க்கை நிமிர்த்துவது, பிரேக் கேபிளைத் தொடுவது, டயர் மாற்றுவது எதுவும் கூடாது. நல்லெண்ணத்தில் செய்தாலும் சாட்சியை மாற்றியது போலத்தான் தெரியும். பரிசோதகர் நாள் குறித்துத்தான் வருவார். எனவே கோரிக்கைக் கடிதம் அனுப்பியாயிற்றா, எந்தத் திகதி என்று போக்குவரத்துப் பிரிவு சார்ஜன்டிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். "அனுப்புவோம்" என்ற பதிலோடு திரும்ப வேண்டாம்.

அறிக்கை வந்ததும் சட்டத்தரணி மூலம் நகர்த்தல் பத்திரம் (மோஷன்) போட்டு வண்டியை விடுவிக்கக் கேட்க வேண்டும். பிணை கொடுத்தபோதே வழக்கிலக்கம் கிடைத்திருக்கும், அதே இலக்கத்தில் போடலாம். அசல் புக், வருமான லைசன்ஸ், காப்புறுதிச் சான்றிதழ், பதிவு உரிமையாளரின் அடையாள அட்டை, அவருடைய சத்தியக் கடதாசி ஆகியவை வேண்டும். எல்லாவற்றிலும் இரண்டு போட்டோ பிரதி வைத்துக்கொள்ளுங்கள். நீதவான் வண்டியின் பெறுமதிக்கு ஒரு பிணைமுறி எழுதச் சொல்லிக் கொடுப்பதே வழமை. விற்கக்கூடாது, பேர் மாற்றக்கூடாது, நிறமோ உருவமோ மாற்றக்கூடாது, கேட்கும்போது கொண்டுவர வேண்டும் என்பவை நிபந்தனைகள். கட்டளையின் உறுதிப்படுத்திய பிரதியோடு ஸ்டேஷனுக்குப் போய், பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு எடுக்கலாம்.

இன்னொன்று. வாக்குமூலம் சிங்களத்தில் எழுதி, வாசித்துக் காட்டாமல் கையெழுத்துக் கேட்பது நம் பக்கம் சகஜம். அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரைப்படி தமிழில் கருமமாற்ற உங்களுக்கு உரிமை இருக்கிறது. தமிழில் எழுதச் சொல்லுங்கள், ஆளில்லை என்றால் தமிழில் மொழிபெயர்த்துச் சொன்ன பிறகே கையெழுத்து என்று நில்லுங்கள். "வளைவில் வலது பக்கம் ஏறிவிட்டேன்" என்று ஒரு வரி உள்ளே இருந்தால் பிறகு எந்தச் சட்டத்தரணியும் அதைத் துடைக்க முடியாது.

பட்டாலொறி:

மழையில நிக்கிறதுக்கு சொல்றேன். ஹேண்ட் பிரேக் இழுத்தபடி விட்டா ஈரத்துல பிரேக் ஷூ டிரம்மோட ஒட்டிக்கும். நம்ம ஊரு பனிக்கு ரெண்டு வாரம் போதும். அப்புறம் இழுத்தா லைனிங் பிய்ஞ்சு வரும். பொலிஸ்ல கேட்டு, அவங்க முன்னாடியே ஹேண்ட் பிரேக்கை விட்டுட்டு, பின் வீல் ரெண்டுக்கும் முன்னும் பின்னும் மரக்கட்டை வச்சு, கியரை ஒன்னுல போட்டு விடுங்க. பெட்டரி நெகட்டிவ் வயரை கழட்டி வைக்கலாம், 10 ஸ்பெனர் போதும். இது எல்லாமே பரிசோதகர் பார்த்த பிறகு, இல்லைன்னா பொறுப்பதிகாரி சரின்னு புத்தகத்துல எழுதின பிறகு. சும்மா போய் கை வைக்காதீங்க. மேல ஒரு படங்கு கட்டிவிடுறதுக்கு யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, ஆனா ஹூட்டை மட்டும் மூடாம இஞ்சின் பக்கம் தரைவரைக்கும் இறக்கி கட்டுங்க. சாரல் பக்கவாட்டுலதான் அடிக்கும்.

இன்னைக்கே போய் போன்ல வண்டியை சுத்தி போட்டோ எடுங்க. மீட்டர் எண், ஸ்டெப்னி டயர், ஸ்டீரியோ, ஜெக், சீட் எல்லாம் தெரியணும். எடுக்கிறப்போ "இது அப்பவே இல்ல"ன்னு சொன்னா காட்ட இது ஒண்ணுதான்.

இனி ஏத்துறது. போர்க் வளைஞ்ச ஆட்டோவை முன்பக்கம் தூக்கி, பின் வீல்ல உருட்டிட்டு போகலாம்னு சிலர் சொல்வாங்க. டவுனுக்குள்ள அரை கிலோமீட்டருக்கு சரி. நானுஓயா வளைவுகள்ல வேணாம். கயிறு கட்டி இழுக்கவே கூடாது. ஏத்தத்துல கயிறு இறுக்கமா இருக்கும், இறக்கத்துல தளர்ந்து போய் பின்னால வர்ற வண்டி முன்ன போறதுல இடிக்கும். கார்னா இன்னும் மோசம். இஞ்சின் ஓடாட்டி பிரேக் பூஸ்டர் வேலை செய்யாது, ரெண்டு மூணு மிதியில பெடல் கல்லு மாதிரி ஆகிரும். ஒட்டோ கியர் கார், ஹைபிரிட் ரெண்டையும் ஓட்டும் வீல் தரையில உருள விட்டு இழுத்தா கியர்பொக்ஸ் போயிரும். அதுக்கு முழு வண்டியையும் மேல ஏத்திட்டு போற கெரியர்தான்.

ஆட்டோவுக்கு டிமோ பட்டா மாதிரி சின்ன லொறி போதும். வண்டி 300 கிலோவுக்கு மேல இருக்கும், 4 பேர் வேணும். பலகை 2 அங்குல கனம், 9 அங்குல அகலம், 8 அடியாவது நீளம். எல்லாரும் ரெண்டு பலகை கொண்டு வருவாங்க, முன் வீல் நடுவுல வருதுன்னு ஏத்துறப்பதான் ஞாபகம் வரும். மூணு பலகை. லொறியை பாதையோர மேட்டுக்கு பின்பக்கம் காட்டி நிப்பாட்டினா பலகை ஏறக்குறைய மட்டமா நிக்கும், தள்ளுறது பாதி வேலை. மூக்கு லொறி கெபின் பக்கம். உங்களுக்கு போர்க் வளைஞ்சிருக்கிறதால முன் வீல் தானா திரும்பும், ஒரு ஆள் ஹேண்டிலை பிடிச்சே ஆகணும்.

கயிறை ஹேண்டில்லயோ ஹூட் பைப்லயோ கட்டாதீங்க, முதல் வளைவுலயே பைப் நெளியும். பின்னால ரெண்டு பக்கமும் வீலை தாங்குற ஆர்ம்ல ஒண்ணு ஒண்ணு, முன்னால சேசில ஒண்ணு. டேங்க்ல பெற்றோலை இறக்கிருங்க, பெட்டரியை தனியா எடுத்துருங்க. புறப்பட்டு ஒரு கிலோமீட்டர்ல நிப்பாட்டி கயிறை மறுபடி இறுக்குங்க. சஸ்பென்ஷன் அமுங்கி கயிறு தளர்ந்திருக்கும்.

தேயிலைக்காடு:

ரொம்ப நன்றி. பொலிஸ்ல கேட்டேன், பரிசோதகருக்கு கடிதம் போயிருச்சாம். பிரச்சினை என்னன்னா பழைய ஓனர் வர பயப்படுறார். கேஸ்ல தன் பேரும் வந்துருமோங்கிறார். மச்சானே எம்.டீ.ஏ. 6 ஐ காட்டி கேட்க முடியாதா?

கோர்ட்வாசல்:

முடியும், ஆனால் கடினம். 431 ஆம் பிரிவு சொல்வது "உடைமைக்கு உரித்துள்ள ஆள்". அந்த வார்த்தையை வைத்து, காசு கொடுத்து வாங்கியவர் நான்தான் என்று வாதாடலாம். விற்பனை ஒப்பந்தம், காசு போன வங்கிச் சீட்டு இருந்தால் உதவும். வெறும் கையெழுத்து வைத்த எம்.டீ.ஏ. 6 மட்டும் இருந்தால் நீதவான் முதலில் கேட்பது "பதிவு உரிமையாளர் எங்கே" என்றுதான். திகதி போடாத ஓபன் பேப்பர் என்றால் அதை நீட்டாமல் இருப்பதே மேல். இப்போது அவசரமாகப் பேர் மாற்ற ஓடுவதும் வேண்டாம்.

ஓனருக்குச் சொல்லுங்கள்: அவர் பேர் ஏற்கனவே உள்ளேதான் இருக்கிறது. நம்பரைப் போட்டுப் பார்த்தாலே வருவது அவர் பேர். வந்து வண்டியைப் பொறுப்பெடுப்பதால் அவர் குற்றவாளி ஆக மாட்டார். ஓட்டியவர் மேல்தான் குற்றவியல் வழக்கு. வராமல் இருப்பதில்தான் ஆபத்து அதிகம், ஏனென்றால் காயப்பட்டவர் நட்டஈடு கேட்டுச் சிவில் வழக்குப் போட்டால் ஓட்டியவரோடு பதிவு உரிமையாளரையும் சேர்ப்பார்கள். வண்டியை எந்தத் திகதியில் விற்றேன் என்று இப்போதே சத்தியக் கடதாசியில் சொல்லி வைப்பது அவருக்குத்தான் நல்லது. அவரை ஒரு முறை சட்டத்தரணியிடம் கூட்டிப்போங்கள். போக்குவரத்துச் செலவு, அன்றைய கூலி இரண்டையும் மச்சான் கொடுத்துவிடட்டும், அதில் கணக்குப் பார்க்க வேண்டாம்.

இதை வாசிக்கும், லீசிங்கில் வண்டி எடுத்தவர்களுக்கு: புக்கில் முழு உரிமையாளராகப் பதிந்திருக்கும் கம்பெனியைத்தான் 433அ பிரிவு உடைமைக்கு உரித்துள்ளவராகக் கருதுகிறது. கம்பெனிக் கடிதம் இல்லாமல் கோர்ட்டுக்குப் போனால் திகதி தள்ளிப்போகும். தவணை பாக்கி இருந்தால் கடிதமும் தள்ளிப்போகும்.

மரம் ஏற்றிப் பிடிபட்ட லொறிக்கு இதே வழி என்று நினைத்துவிட வேண்டாம். வனக் கட்டளைச் சட்டத்தின் 40 ஆம் பிரிவில் வண்டியே அரசுடைமையாகலாம். ஓட்டியவர் வேறு ஆள் என்றால், குற்றம் நடக்காமல் தடுக்க எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்தேன் என்று உரிமையாளர்தான் தனி வாகன விசாரணையில் நிரூபிக்க வேண்டும். "எனக்குத் தெரியாது" என்பது அங்கே போதாது.

குடைக்காரன்:

காப்புறுதி பக்கம் இரண்டு விஷயம். தேர்ட் பார்ட்டியில் உங்கள் ஆட்டோவை இழுத்த செலவு, திருத்தச் செலவு எதுவும் வராது. அது பைக்காரருக்கான பாதுகாப்பு. ஆனாலும் கம்பெனிக்கு இன்னும் அறிவிக்கவில்லை என்றால் இன்றே எழுத்தில் அறிவியுங்கள். நட்டஈட்டு வழக்கு வரும்போது "எங்களுக்குச் சொல்லவே இல்லை" என்று அவர்கள் கை விரிக்க இடம் கொடுக்காதீர்கள். பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம், திகதி இரண்டையும் கடிதத்தில் போடுங்கள்.

மச்சானின் லைசன்ஸில் பீ1 வகுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். முச்சக்கர வண்டிக்கு அது. பைக்குக்கு மட்டும் லைசன்ஸ் வைத்துக்கொண்டு ஆட்டோ ஓட்டுகிறவர்கள் தோட்டப்பக்கம் நிறைய. அப்படி இருந்தால் காப்புறுதியே சிக்கல், சட்டத்தரணியிடம் முதலில் சொல்ல வேண்டியதும் அதுதான்.

புல் இன்சூரன்ஸ் வைத்திருப்பவர்கள், பொலிஸ் கூப்பிட்ட லொறிக்குக் காசு கொடுக்கும்போது பில் வாங்குங்கள். வண்டி நம்பர், எங்கிருந்து எங்கே, திகதி, தொகை நான்கும் இருக்க வேண்டும். கொப்பித்தாளில் தொகை மட்டும் எழுதிய துண்டை கம்பெனி ஏற்காது. பொலிசியில் இழுவைச் செலவுக்கு ஓர் உச்சத்தொகை இருக்கும், அதைப் பார்த்த பிறகு லொறிக்காரரோடு பேசுங்கள்.

பட்டாலொறி:

எடுக்கிற அன்னைக்கு காலையிலயே போங்க. பின்னேரம் மூணு மணிக்கு மேல பனி இறங்கிட்டா ஏத்துறதும் கஷ்டம், கயிறு முடிச்சும் தெரியாது. பதிவேட்டுல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி போட்டோவோட ஒப்பிட்டு பாருங்க. சேசி நம்பர், இஞ்சின் நம்பர் ரெண்டும் கட்டளையில இருக்கிறதோட ஒரு எழுத்து மாறாம இருக்கணும். மாறியிருந்தா திருத்த திரும்ப கோர்ட்டுக்குத்தான். ஏதாவது குறைஞ்சிருந்தா கையெழுத்துக்கு மேல ஒரு வரி எழுதிட்டு கையெழுத்து போடுங்க.

போர்க் வேலையை வீட்டுக்கிட்ட கராஜ்ல செய்யலாம், ஆனா கழட்டின பழைய போர்க்கை தூக்கி போடாதீங்க. வழக்கு முடியும்வரைக்கும் சாக்குல சுத்தி வீட்டுலயே இருக்கட்டும்.