யாங்கோனில் மட் (mutt) என்ற மெயில் மென்பொருள் பயன்படுத்துபவர்கள் இருந்தால் உதவுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. எங்கள் கோயில் கமிட்டி மெயில் வெளிநாட்டு சர்வரில் இருக்கிறது. இங்கே கரண்டும் லைனும் அடிக்கடி போவதால் பிரவுசரில் திறப்பது பெரும்பாடு. அதனால் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு மட் வைத்திருக்கிறேன். மெயில் எடுக்க ஐமேப் போர்ட் 993, அனுப்ப போர்ட் 587, இரண்டும் சரியாக வேலை செய்கின்றன.

லைன் இல்லாதபோதும் பழைய கடிதங்களைப் படிக்க வேண்டும். மட்டின் ஹெடர் கேஷ் (தற்காலிகச் சேமிப்பு) கடிதங்களின் தலைப்புகளைத்தான் வைத்துக்கொள்கிறது. அதனால் எம்பிசிங்க் (mbsync, சர்வர் மெயிலை லேப்டாப்போடு ஒத்திசைக்கும் மென்பொருள்) மூலம் மெயில்டிர் (Maildir, ஒவ்வொரு கடிதமும் தனி ஃபைலாக இருக்கும்) ஃபோல்டரில் இறக்கலாம் என்றிருக்கிறேன். ஆனால் அதே பெட்டியைப் பொருளாளர் ஐயாவும் போனில் பார்க்கிறார். நான் இங்கே அழிப்பது சர்வரில் அழியவே கூடாது, நன்கொடை ரசீதெல்லாம் அதில்தான் இருக்கிறது. எம்பிசிங்க் கான்ஃபிக்கில் சிங்க் (Sync) வரியில் புல் (Pull, சர்வரிலிருந்து இங்கே மட்டும் இறக்குவது) என்று மட்டும் போட்டால் போதுமா? அப்படியானால் படித்த குறியும் சர்வருக்குப் போகாதே, அதை மட்டும் அனுப்ப வழி உண்டா? கான்ஃபிக் மாதிரி இருந்தால், பாஸ்வேர்டை நீக்கிவிட்டுப் போடுங்கள்.