கிக்பேக்குக்குக் கையூட்டு போதுமா?

மன்னார்குடி மடல்:

“கிக்பேக் (kickback) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் கையூட்டு என்று போட்டுவிட்டுப் போங்கள், இதற்கு ஏன் புதுச்சொல்?” என்று கேட்ட கும்பகோணத்து நண்பருக்கு. போட்டுவிட்டுப் போகத்தான் நினைத்தேன். ஆனால் நான் எழுதிக்கொண்டிருக்கும் பிஃபா (உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு) ஊழல் கட்டுரையில் லஞ்சமும் கிக்பேக்கும் ஒரே வரியில் வருகின்றன. 2015 மே 27 விடியற்காலையில் சூரிச் விடுதியில் பிஃபா நிர்வாகிகளைப் பிடித்தார்களே (ஊழியர்கள் வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தூக்கிப் பிடித்து மறைத்த அதே நாள்), அந்த வழக்கின் அமெரிக்கக் குற்றப்பத்திரிகை இரண்டையும் சேர்த்துத்தான் 15 கோடி டாலருக்கு மேல் என்று கணக்குச் சொல்கிறது. நான் ‘கையூட்டும் கையூட்டும்’ என்றா எழுதுவது?

இரண்டும் வேறு. 2011 மே மாதம், பிஃபா தலைவர் தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு, டிரினிடாட்டின் போர்ட் ஆஃப் ஸ்பெயின் நகர விடுதி ஒன்றில் கரீபியன் கால்பந்துச் சங்க நிர்வாகிகளுக்கு உறை உறையாகப் பணம் வந்தது. உறைக்கு 40,000 டாலர் ரொக்கம். பஹாமாஸ்காரர் ஒருவர் அதைப் படம் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். இது கையூட்டு, சந்தேகமில்லை.

கிக்பேக் அப்படி இல்லை. தந்தையார் சென்னையில் வேலையாக இருந்த காலத்தில் எங்கள் நிலத்தைக் காரியஸ்தர் ஒருவர் பார்த்துக்கொண்டார். களத்தில் தூற்றி முடித்ததும் வியாபாரி வருவார். மூட்டைக்குப் பத்து ரூபாய் குறைத்து விலை முடியும். அந்தப் பத்தில் நான்கு ரூபாய் மாலையில் வெற்றிலை மடிப்போடு காரியஸ்தர் கைக்கு வரும். வியாபாரி தன் பையிலிருந்து ஒரு காசும் கொடுக்கவில்லை. கொடுத்தது எங்கள் நெல். பதினைந்து வருடம் அவருக்குத் தீபாவளி வேட்டி வேறு எடுத்துக்கொடுத்தோம்.

தென் அமெரிக்கக் கால்பந்துக் கோப்பைத் தொலைக்காட்சி உரிமையில் நடந்ததும் இந்தக் களத்து வேலைதான். உரிமை சங்கத்துடையது, விற்கக் கையெழுத்துப் போடுபவர் நிர்வாகி, வாங்கும் நிறுவனம் அவருக்குத் தனியாக ஒரு பங்கு தள்ளும். டிராஃபிக் என்ற பிரேசில் நிறுவனத்தின் அதிபர் ஜோசே ஹவிலா குற்றத்தை ஒப்புக்கொண்டு 15.1 கோடி டாலருக்கு மேல் திருப்பிக் கட்டச் சம்மதித்தார். கையூட்டு என்றால் கொடுத்தவரும் வாங்கியவரும்தான் கண்ணுக்குத் தெரிகிறார்கள். பறிகொடுத்தவர் தெரிய வேண்டும் எனக்கு.

நாகூர் மடல்:

‘கைக்கூலி’ பழைய சொல், எடுத்துக்கொள்ளலாமே என்று இங்கே ஒருவர் சொன்னார். தயவுசெய்து வேண்டாம். எங்கள் வீடுகளில் கைக்கூலி என்றால் மாப்பிள்ளை வீட்டார் வாங்கும் தொகை. பிஃபா நிர்வாகி கைக்கூலி வாங்கினார் என்று படித்தால் என் பெரியம்மா பெண் யார் என்று கேட்பார்.

‘கமிஷன்’ என்பதையும் எதிர்க்கிறேன். வட அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பின் பொதுச்செயலாளராக இருந்த சக் பிளேசருக்குப் பத்து சதவீதக் கமிஷன் ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. கமிஷன் என்ற சொல் முறையான வருமானம் போலச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. ‘பின்னூட்டு’ எப்படி?

மன்னார்குடி மடல்:

கையூட்டுக்குத் தம்பி மாதிரி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வலைப்பதிவுக் காலத்தில் நாமே பின்னூட்டம் என்ற சொல்லைப் பரப்பி, மறுமொழிக்கெல்லாம் அதைச் சூட்டிவிட்டோம். ‘மீள்கையூட்டு’ என்றும் எழுதிப் பார்த்தேன். மீள்பதிவு, மீள்பார்வை என்று பழகிய கண்ணுக்கு அது இரண்டாம் முறை கொடுத்த லஞ்சமாகத் தெரிகிறது. ‘மீள்பங்கு’ நேரே பங்குச் சந்தைக்குப் போகிறது.

என் முன்மொழிவு: கள்ளமடை. பணத்துக்குக் கள்ளமடைப் பணம். வாய்க்கால் நீர் எல்லார் வயலுக்கும் உரியது. கரையில் இரவோடு இரவாக ஒரு மடை வெட்டினால் கடைமடைக்காரன் வயல்தான் காயும். திருடுபோனது யாருடைய தண்ணீர் என்று சொல்லிலேயே இருக்கிறது.

கும்பகோணம் மடல்:

உவமை அழகு, ஒப்புக்கொள்கிறேன். இரண்டு குறை. கள்ளமடை வெட்டுபவன் வெளியாள். உங்கள் நிர்வாகியோ மதகு ஷட்டர் சாவி வைத்திருக்கிற லஸ்கர் (பாசன ஊழியர்) மாதிரி உள்ளே இருப்பவர். அடுத்து, நீதிமன்றத் தமிழில் மடையும் வாய்க்காலும் எடுபடுமா?

மன்னார்குடி மடல்:

இரண்டாவதற்கு முதலில். கையூட்டும் படம்தானே, கையில் சோறு ஊட்டுகிற படம். பழகியதால் மறந்துவிட்டோம். சட்டத்துக்கும் இந்தப் பார்வை புதிதல்ல. விளையாட்டு உரிமைகளை விற்ற ஐஎஸ்எல் நிறுவனம், பிஃபாவின் முன்னாள் தலைவர் அவெலாஞ்சுக்கும் பிரேசில் கால்பந்துச் சங்கத் தலைவராக இருந்த டெய்ஷெய்ராவுக்கும் கொடுத்த பணம் பற்றி ஸ்விட்சர்லாந்தில் விசாரித்தபோது, தனியார் துறையில் லஞ்சம் வாங்குவது அந்தக் காலத்தில் அங்கே குற்றமே இல்லை. அரசு வழக்கறிஞர் வேறு வழியில் போனார்: அந்தப் பணம் பிஃபாவைச் சேர வேண்டியது, சேர்க்காமல் வைத்துக்கொண்டார்கள் என்றார். 2010இல் 55 லட்சம் பிராங்க் ஈட்டுத்தொகையோடு வழக்கு முடிந்தது. அமெரிக்க நீதித்துறையும் 2021இல் பறிமுதல் பணத்தில் 20 கோடி டாலருக்கு மேல் பிஃபாவுக்கும் கூட்டமைப்புகளுக்கும் பாதிக்கப்பட்டோர் என்ற முறையில் திருப்பித் தர ஒப்புதல் தந்தது. தண்ணீர் யாருடையது என்றுதான் இரண்டு இடத்திலும் கேட்டிருக்கிறார்கள்.

முதல் குறைக்கு எனக்குப் பதில் இல்லை. ‘உள்மடை’ என்று மாற்றினால் லஸ்கர் வந்துவிடுகிறார், கள்ளம் போய்விடுகிறது. கட்டுரை வெள்ளிக்கிழமை போக வேண்டும். இப்போதைக்குக் கள்ளமடைப் பணம் என்றே எழுதி, முதல் இடத்தில் ஒரு வரி விளக்கம் சேர்த்திருக்கிறேன். போர்ட் ஆஃப் ஸ்பெயின் உறைகளுக்குக் கையூட்டுதான். வியாழன் இரவுக்குள் யாருக்காவது வேறு தோன்றினால் எழுதுங்கள்.