மிக்ஸைக் கேட்டுக் குறை சொல்ல யாராவது வருவீர்களா?

வணக்கம் மக்களே. நானே மெட்டுப் போட்டு, குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்துச் சேர்த்து நானே மிக்ஸ் செய்த மூன்று நிமிடப் பாட்டு ஒன்று கையில் இருக்கிறது. தெரிந்தவர்களிடம் போட்டுக் காட்டினால் எல்லோரும் "சூப்பர்" என்கிறார்கள், சந்தோஷம்தான், ஆனால் அதை வைத்துக்கொண்டு எந்த ஃபேடரை (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் பட்டனை) நகர்த்துவது?

எனக்குத் தெரிந்த கோளாறை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹெட்ஃபோனில் எல்லாம் சரியாகத்தான் கேட்கிறது, போன் ஸ்பீக்கரில் போட்டால் பேஸ் (அடிக்குரலில் வரும் கனமான ஒலி) காணாமல் போய்க் குரல் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது. 1:10-இல் சரணம் தொடங்கும் இடத்தில் கிக் டிரம்மும் பேஸும் 60 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்காருகின்றன. பேஸில் 80 ஹெர்ட்ஸ் பக்கம் 3 டெசிபல் குறைத்தேன். கிக் தெளிந்தது, பாட்டு இளைத்துவிட்டது. கிக் விழும்போது மட்டும் பேஸை அமுக்கும் சைட்செயின் கம்ப்ரஷன் போடலாமா, இல்லை பேஸுக்குக் கொஞ்சம் சாச்சுரேஷன் (ஒலியை லேசாகச் சிதைத்து மேல் ஸ்வரங்களைச் சேர்ப்பது) கொடுத்தால் சின்ன ஸ்பீக்கரிலும் எட்டுமா?

கேட்பவர்கள் எந்த நொடியில் உறுத்தியது, எதில் கேட்டீர்கள் என்று சேர்த்துச் சொல்லுங்கள். "ஏதோ குறையுது" மட்டும் வேண்டாம், அதை நானே தினமும் சொல்லிக்கொள்கிறேன்.

அப்புறம், தம்பி ஒருவன் தன் முதல் பாட்டை அனுப்பிக் கருத்துக் கேட்டிருக்கிறான். பல்லவி மெட்டு அருமை, குரல்தான் ரிவெர்பில் (எதிரொலி எஃபெக்டில்) மூழ்கிக் கிடக்கிறது. அவன் சோர்ந்துபோகாதபடி இதை எப்படிச் சொல்வீர்கள்? நானும் "சூப்பர்" என்று தட்டிவிட்டு வந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.