புதுப்பிப்பு: சுற்றுச்சூழல் முகமை வேலை, நேர்காணல் முடிந்தது

அரசுச் சுற்றுச்சூழல் முகமையின் பட்டதாரிப் பணிக்கு விண்ணப்பிக்க, இறுதியாண்டு ஆற்றுநீர் ஆய்வு மட்டும் போதுமா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். "செய்ததை அப்படியே எழுது, பெரிதாக்காதே" என்றீர்கள். அப்படியே எழுதினேன். நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள்.

முக்கால்வாசி நேரம் ஒரே கேள்வியில் போனது. ஆலைக் கழிவுநீர் ஆற்றில் கலக்கும் இடத்துக்குக் கீழே மீன்கள் செத்து மிதக்கின்றன, முதலில் என்ன செய்வாய்? கலக்கும் இடத்துக்கு மேலேயும் கீழேயும் மாதிரி எடுப்பேன் என்றேன். கரைந்த ஆக்சிஜனை அங்கேயே அளக்க வேண்டும், பாட்டிலில் அடைத்துக் கொண்டுபோனால் அளவு மாறிவிடும். பி.ஓ.டி. சோதனைக்கு (நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜன் எடுக்கின்றன என்று பார்ப்பது) 20 டிகிரி செல்சியஸில் 5 நாள் ஆகும்; வழியிலேயே அந்தச் சிதைவு தொடங்கிவிடாமல் மாதிரியைக் குளிரில், இருட்டில் வைத்து, சீக்கிரம் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். அப்புறம் பாட்டிலின் மேல் இடம், நேரம், எடுத்தவர் பெயர், கை மாறும்போதெல்லாம் கையெழுத்து. அது இல்லாவிட்டால் வழக்கில் சிக்கல் என்றதும் நேர்காணல் குழுவில் நடுவில் இருந்த அம்மா தலையாட்டிக் குறித்துக்கொண்டார்.

கோபமாக இருக்கும் ஆலை முதலாளியிடம் எப்படிப் பேசுவாய் என்பதில் மட்டும் தடுமாறினேன். விண்ணப்பிப்பவர்கள் இதற்கு முன்கூட்டியே தயாராகுங்கள், பாதி வேலை அதுதான் என்று நேர்காணல் குழுவினரே சொன்னார்கள்.

நேற்றுத் தகவல் வந்தது: தேர்வாகிவிட்டேன்! சான்றிதழ் சரிபார்ப்பு மட்டும் பாக்கி. பதில் எழுதிய எல்லாருக்கும் மனசார நன்றி.