கடையில் நின்று வேலை செய்யும் அக்காமார்களே, தண்ணீர் எப்போது குடிக்கிறீர்கள்?

கொழிஞ்சாம்பாறைக்காரி:
எனக்கு 29 வயது. பாலக்காட்டில் ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறேன். காலை எட்டு மணி பஸ்ஸில் ஏறினால் வீடு திரும்ப ராத்திரி எட்டரை. கடையில் கழிப்பறை மூன்றாவது மாடியில் ஒன்றே ஒன்று, ஆண்களுக்கும் அதுதான். தாழ்ப்பாள் பாதிதான் விழும். வெளியே ஒருத்தி காவல் நின்றால்தான் உள்ளே போகலாம். அதனால் காலையில் காபி, மத்தியானம் சோற்றோடு அரை டம்ளர் பதிமுகத் தண்ணீர் (பதிமுக மரத்துண்டு போட்டுக் காய்ச்சியது), அதோடு சரி.

மாசி பிறந்ததிலிருந்து இரண்டு தடவை நீர்க்கடுப்பு. சொட்டுச் சொட்டாக, நெருப்பாக எரிகிறது. நாலு மணியானால் தலைவலி வேறு. போன வாரம் பயந்துபோய் வீட்டுக்கு வந்ததும் இரண்டு லிட்டர் குடித்தேன். நாலு முறை எழுந்து தூக்கம் கெட்டதுதான் மிச்சம். ஐந்து லிட்டர் குடி என்கிறார் சித்தி. உண்மையில் எவ்வளவு வேண்டும்? எப்படிப் பிரித்துக் குடிப்பது?

சித்தூர் நர்ஸ்:
தங்கச்சி, முதலில் சிறுநீரைப் பரிசோதனைக்குக் கொடு. இரண்டு முறை வந்திருப்பதால் மருந்து தேவைப்படலாம், தண்ணீரை மட்டும் நம்பாதே. காய்ச்சல், குளிர், விலாப்பக்கம் வலி என்று வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போ.

சிறுநீர்ப்பையில் நுழையும் கிருமியை வெளியே தள்ளுவதே சிறுநீர்தான். குடிக்காமலும் அடக்கியும் இருந்தால் அது உள்ளேயே பெருகுகிறது. 2018இல் வெளியான ஓர் ஆய்வில், அடிக்கடி நீர்க்கடுப்பு வருகிற, தண்ணீர் குறைவாகக் குடிக்கிற 140 பெண்களைப் பார்த்தார்கள். பாதிப்பேர் தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தார்கள். ஒரு வருடத்தில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 முறை வந்தது, மற்றவர்களுக்கு 3.2 முறை. இதை நான் வார்டில் எல்லாரிடமும் சொல்வேன்.

ஐந்து லிட்டர் வேண்டாம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு பெண்களுக்குச் சொல்வது இரண்டு லிட்டர், அதுவும் ரசம், மோர், சாயா, சாப்பாட்டில் இருக்கும் நீர் எல்லாம் சேர்த்து. நம் ஊர் வெயிலுக்கும் பஸ் வேர்வைக்கும் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள். சிறுநீர் வைக்கோல் நிறத்தில் போனால் போதும். எழுந்ததும் இரண்டு டம்ளர் குடி, பஸ்ஸுக்கு முன் வீட்டிலேயே போய்விடலாம். கடையில் மணிக்கு அரை டம்ளர். ராத்திரி சாப்பாட்டோடு ஒரு டம்ளர், அப்புறம் வேண்டாம். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் இந்த அளவைப் பின்பற்றாதீர்கள், உங்களுக்கு டாக்டர் சொல்வதுதான் கணக்கு.

வேலந்தாவளம் தோப்புக்காரர்:
அம்மணி, நான் தண்ணீர் குடிக்காமல் இருந்து சிறுநீரகக் கல் வந்தவன். சித்திரை வெயிலில் தேங்காய் வெட்டு முடியும்வரை ஒரு சொம்போடு நிற்பேன். ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்கு இடுப்பில் பிடித்த வலி அடிவயிறு வரை இழுத்தது. உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை, திண்ணைத் தூணைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஐந்து மில்லிமீட்டர் கல். நாளைக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகிற அளவு குடிக்கச் சொன்னார் டாக்டர். குடித்த கணக்கு இல்லை, போகிற கணக்கு. உப்பைக் குறைத்தேன். பாலை நிறுத்த வேண்டாம் என்றார், நிறுத்தவில்லை. எலுமிச்சை பிழிந்து குடிக்கிறேன். ஆறு வருடமாகத் திரும்ப வரவில்லை.

கோழிக்கோட்டில் இருந்தவள்:
நர்ஸ் அக்கா சொன்னது சரி, ஆனால் தாழ்ப்பாளை யாரும் பேசவில்லையே. நான் மிட்டாய்த் தெருவில் வேலை பார்த்தபோது நாங்களும் இப்படித்தான், நாள் முழுக்க நாக்கு வறண்டு கிடப்போம். அங்கே கடைகளில் வேலை செய்யும் பெண்களுக்காக விஜி சேச்சி தொடங்கிய பெண்கூட்டு அமைப்பு முதலில் கேட்டதே கழிப்பறைதான். அப்புறம்தான் வேலை நேரத்தில் உட்காரும் உரிமைக்குப் போராட்டம். 2018இல் கேரள அரசு கடைச் சட்டத்தையே திருத்தியது. தனியாகக் கேட்காதே, நாலு பேராகப் போய்க் கேள்.

கொழிஞ்சாம்பாறைக்காரி:
எல்லாருக்கும் நன்றி. நேற்று நாங்கள் ஆறு பேர் முதலாளியிடம் போனோம். பெண்களுக்குத் தனியாகக் கட்டித்தரக் கேட்டோம், யோசிக்கிறேன் என்றார். தாழ்ப்பாளை மட்டும் இன்று மாற்றிவிட்டார்கள். அரை லிட்டர் ஸ்டீல் பாட்டிலை சேலை அடுக்குக்குப் பின்னால் வைத்திருக்கிறேன், மத்தியானத்துக்குள் ஒரு முறை காலியானது. பரிசோதனை முடிவு வியாழக்கிழமை வரும், வந்ததும் நர்ஸ் அக்காவுக்கு இங்கேயே எழுதுகிறேன்.