குடியை நிறுத்திய அண்ணனுக்கு மூளைச் சுருக்கம்: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். என் அண்ணனுக்கு 44 வயது, பல வருடக் குடி. தை மாதம் மறுவாழ்வு மையத்தில் சேர்த்தோம். அதிலிருந்து தொடவில்லை. அப்போது எடுத்த எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில், மூளையின் முன்பகுதி வயதுக்கு மீறிச் சுருங்கியிருப்பதாக எழுதியிருந்தது. டீயில் சர்க்கரை போட்டுக் கலக்கிவிட்டு, ஸ்பூனைக் கீழே வைப்பதற்குள் "சர்க்கரை போட்டேனா?" என்கிறார்.

"இனி எங்கே தேறப்போகிறார்" என்று அண்ணி அழுகிறார். ஆனால் குடியை நிறுத்தினால் சில வாரங்களிலேயே மூளை ஓரளவு மீளத் தொடங்கும் என்று படித்தேன். வைட்டமின் பி1 ஊசியும் போட்டாயிற்று.

இன்னொன்று. கேம்பிரிட்ஜில் கேரன் எர்ஷே குழுவினர் 50 ஜோடி உடன்பிறப்புகளை ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள். ஜோடியில் ஒருவர் கொக்கைன் போன்ற போதைக்கு அடிமை, மற்றவர் அப்படியில்லை. ஆனாலும் மற்ற ஆரோக்கியமானவர்களோடு ஒப்பிட்டால், தன்னைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதிகளில் இருவருக்கும் ஒரே மாதிரி வித்தியாசம் இருந்தது. அப்படியென்றால் சில வித்தியாசங்கள் போதைக்கு முன்பே இருந்திருக்கலாம். அதே மாதிரி மூளையோடு அடிமையாகாமல் இருந்தவர்களும் அந்த ஜோடிகளில் இருந்தார்களே! "திமிரில் குடித்தான்" என்று பேசும் சொந்தக்காரர்களுக்கு இதை எப்படிப் புரியவைப்பது?

உங்கள் வீட்டில் யாராவது குடியை விட்டபின் மறுபடி ஸ்கேன் எடுத்தீர்களா? மறதி எவ்வளவு நாளில் குறைந்தது? ஞாபகப் பயிற்சி ஏதாவது பலன் தந்ததா? மதுரைப் பக்கம், குடும்பத்தையும் உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கும் மனநல மருத்துவர் யாரையாவது தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். அடுத்த செக்கப் இந்த மாதக் கடைசியில்.